உள்ளே போச்சா, வெளியவே நிக்குதா? டர்பன்ல பாக்டீரியா ஆராய்ச்சிக்கு வர நினைக்கிறவங்களுக்கு

வருஷா வருஷம் ஆகஸ்ட் வந்தா ஊர்லேந்து மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். "அக்கா, எம்எஸ்சி மைக்ரோபயாலஜி முடிச்சிருக்கேன், சவுத் ஆப்பிரிக்கால டிபி லேப்ல சேரணும், என்ன பண்ணணும்?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பாதி பாதியா சொல்றதுக்கு ஒரே தடவை முழுசா எழுதிடலாம்னு உக்காந்திருக்கேன். நோய் குடுக்குற பாக்டீரியா நம்ம செல்லுக்குள்ள எப்படி நுழையுது, நுழைஞ்சப்புறம் எப்படி பிழைக்குது, இதைத்தான் நான் படிக்கிறேன். வேற ஃபீல்டுக்கு இது பாதிதான் பொருந்தும்.

முதல்ல இந்த ஃபீல்டே என்னன்னு புரிஞ்சுக்கோங்க. எல்லா கிருமியும் செல்லுக்குள்ள போறதில்ல. காலரா கிருமி குடல்ல வெளியவே ஒட்டிக்கிட்டு விஷத்தை மட்டும் உள்ள அனுப்பும். டைபாய்டு குடுக்குற சால்மொனெல்லா அப்படி இல்ல, அதுகிட்ட ஊசி மாதிரி ஒரு அமைப்பு இருக்கு, டைப் த்ரீ செக்ரீஷன் சிஸ்டம்னு பேரு, அது வழியா தன்னோட புரோட்டீனை நம்ம செல்லுக்குள்ள குத்தி ஏத்தும், உடனே செல்லோட மேல்தோல் அலை அலையா எழும்பி அந்தக் கிருமியை தானே விழுங்கிடும். லிஸ்டீரியா உள்ள போய் நம்ம செல்லுக்கு வடிவம் குடுக்குற ஆக்டின்ங்கிற புரோட்டீனையே வால் மாதிரி கட்டிக்கிட்டு பக்கத்து செல்லுக்குள்ள துளைச்சுட்டுப் போகும். டிபி கிருமியை மேக்ரோஃபேஜ், அதாவது கிருமியைத் தின்னுற நம்ம உடம்போட காவல் செல், சாப்பிட்டுடும், ஆனா ஜீரணம் பண்ற லைசோசோம் வந்து சேரவிடாம அது தடுத்துடும், இதை 1971லயே லண்டன்ல எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பாத்து ஆம்ஸ்ட்ராங்கும் ஹார்ட்டும் எழுதிட்டாங்க. ஆக மொத்த ஃபீல்டும் ஒரு கேள்வியில வந்து நிக்கும்: கிருமி உள்ள இருக்கா, வெளிய இருக்கா? இதை நேர்மையா, கையால, எண்ணி சொல்லத் தெரிஞ்சவங்களுக்கு எந்த லேப்லயும் இடம் உண்டுன்னு நான் நம்புறேன். கீழ எழுதியிருக்கிறதெல்லாம் அதைச் சுத்திதான்.

ஏன் சவுத் ஆப்பிரிக்கான்னு கேப்பீங்க. இங்க இது பாடப்புத்தக விஷயம் இல்லப்பா. 2005, 2006ல டர்பன் இருக்கிற இதே குவாசுலு நட்டால் மாகாணத்துல டுகேலா ஃபெர்ரினு ஒரு சின்ன ஊர்ல, ஏறக்குறைய எந்த மருந்துக்கும் கேக்காத எக்ஸ்டிஆர் டிபி 53 பேருக்கு இருந்ததைக் கண்டுபிடிச்சாங்க, அதுல 52 பேர் இறந்துட்டாங்க. அப்புறம் 2017, 2018ல லிஸ்டீரியா. ஆய்வகத்துல உறுதியானது மட்டும் 1,060 பேர், இறந்தது 216 பேர், உலகத்துலயே அதுவரைக்கும் பதிவான பெரிய லிஸ்டீரியா பரவல் அதுதான், குழந்தை பிறந்த கொஞ்ச நாள்லயே பாதிக்கப்பட்டதுதான் ரொம்ப அதிகம். கடைசில அது போலோனியிலேந்து, அதாவது துண்டு போட்டு அப்படியே சாப்பிடுற பதப்படுத்தின இறைச்சியிலேந்து, வந்ததுன்னு ஜீனோம் சீக்வென்சிங் பண்ணி ஜோஹானஸ்பர்க்ல இருக்கிற என்ஐசிடிங்கிற தேசிய தொற்றுநோய் நிறுவனம் கண்டுபிடிச்சு, 2018 மார்ச் 4 அன்னிக்கு அரசாங்கம் அறிவிச்சுது. பள்ளிக்கூடத்து டப்பாவுல பிரெட்டுக்கு நடுவுல போலோனி வச்சுக் குடுத்து அனுப்புற ஊரு இது. அந்த வாரம் எங்க தெருவுல எல்லாரும் ஃபிரிட்ஜைக் காலி பண்ணது இன்னும் கண்ணுல நிக்குது.

நான் வந்த புதுசுல டர்பன்ல சாட்ஸ்வர்த்ங்கிற பகுதில ஒரு வீட்டோட பின்பக்க ரூம்ல வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார ஆன்ட்டியோட தாத்தா காலத்துல மெட்ராஸ்லேந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம், தமிழ் அவங்களுக்கு கோயில் பாட்டுலயும் சமையல் கட்டுலயும்தான் மிச்சம், ஆனா ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துறது மட்டும் ஒரு வருஷம் தப்பாது. ஒரு ஆடி ஞாயித்துக்கிழமை கூழ் கிண்டிக்கிட்டே அவங்க பெரியம்மா சின்ன வயசுல டிபி வந்து நியூலேண்ட்ஸ் பக்கம் ஃபோசாங்கிற டிபி நோயாளிகள் தங்குற இடத்துல மாசக்கணக்குல இருந்ததைச் சொன்னாங்க. சொல்லிட்டு, "இப்பதான் மருந்து இருக்கே, அப்புறம் ஏன் ஆறு மாசம் முழுங்கணும்?"னு கேட்டாங்க. நான் படிச்சதுலயே முக்கியமான கேள்வி அது. கிருமி செல்லுக்குள்ள, கட்டிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு, வளராம மெதுவா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும்போது மருந்து அதைத் தொடுறது கஷ்டம், அதனாலதான் மாசக்கணக்கு ஆகுது. அந்தப் பதிலை அவங்களுக்குப் புரியுற மாதிரி சொல்ல எனக்கு அன்னிக்கு அரை மணி நேரம் ஆச்சு. நீங்களும் உங்க ஆராய்ச்சியை இப்படி ஒருத்தருக்கு வீட்டுல சொல்லிப் பாருங்க, எங்க உங்களுக்கே புரியலைன்னு உடனே தெரிஞ்சிடும்.

சரி, வேலைக்கு வருவோம். இங்க படிப்பு அமைப்பு நம்ம ஊர் மாதிரி இல்ல. பிஎஸ்சி மூணு வருஷம், அதுக்கு மேல ஹானர்ஸ்னு தனியா ஒரு வருஷம், பாதி பாடம் பாதி சின்ன ப்ராஜெக்ட். அதுக்கப்புறம் மாஸ்டர்ஸ், அது பெரும்பாலும் முழுக்க ஆராய்ச்சி, ரெண்டு வருஷம். அப்புறம் பிஎச்டி. நம்ம ஊர்ல மூணு வருஷ பிஎஸ்சி மட்டும் முடிச்சிட்டு வந்தா பொதுவா ஹானர்ஸ்லேந்துதான் ஆரம்பிக்கணும், எம்எஸ்சி இருந்தா நேரா பிஎச்டிக்குக் கேக்கலாம். படிப்பு வருஷம் பிப்ரவரி வாக்குல ஆரம்பிக்குது, அதனால அதுக்கு முந்தின வருஷம் நடுவுலயே லேப் தேட ஆரம்பிங்க. உங்க டிகிரியை சாக்வாங்கிற ஆபீஸ் மதிப்பிட்டு சர்ட்டிபிகேட் குடுக்கணும்னு யுனிவர்சிட்டி கேக்கும், அது நேரம் எடுக்கும், முதல்ல அதைப் போட்டுடுங்க. விசாவுக்கு அட்மிஷன் லெட்டர், போலீஸ் கிளியரன்ஸ், இந்த நாட்டுல பதிவான மெடிக்கல் எய்டு, அதாவது மருத்துவக் காப்பீடு, எல்லாம் வேணும். விதி மாறிக்கிட்டே இருக்கும், போறதுக்கு முன்னாடி தூதரக வெப்சைட்ட ஒரு தடவை பாத்துடுங்க.

எங்க லேப் இருக்குன்னா, டர்பன்ல உம்பிலோ ரோட்டுல மெடிக்கல் ஸ்கூல் கேம்பஸ்லயே ஆப்பிரிக்கா ஹெல்த் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் இருக்கு, டிபியும் எச்ஐவியும்தான் முக்கியம், பிஎஸ்எல் 3 லேப், அதாவது டிபி மாதிரி காத்துல பரவுற ஆபத்தான கிருமிக்கான உயர் பாதுகாப்பு லேப், உள்ளயே இருக்கு. கேப்டவுன்ல யூசிடியோட (கேப்டவுன் யுனிவர்சிட்டி) தொற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமான ஐடிஎம், ஸ்டெல்லன்போஷ் யுனிவர்சிட்டியோட டைகர்பெர்க் கேம்பஸ், ஜோபர்க்ல, அதாவது ஜோஹானஸ்பர்க்ல, விட்ஸ் யுனிவர்சிட்டி. கெமிஸ்ட்ரி படிச்சிட்டு இதுக்கு வரலாமான்னு நிறைய பேர் தயங்குறாங்க. வலெரி மிஸ்ராகி அம்மாவைப் பாருங்க, ஜிம்பாப்வேல பிறந்து யூசிடில கெமிஸ்ட்ரில பிஎச்டி பண்ணவங்க, அப்புறம் ஜோபர்க்ல டிபி கிருமி பக்கம் திரும்பி, 2000ல பெண் விஞ்ஞானிகளுக்கான லோரியால் யுனெஸ்கோ விருது வாங்கி, பின்னாடி ஐடிஎம்மோட டைரக்டராவே ஆனாங்க. தாராளமா வரலாம்.

லேப் தேர்ந்தெடுக்கிறதுல கிருமியைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, மனுஷங்களைப் பாத்து முடிவு பண்ணுங்க. இதை நான் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டேன். இதுக்கு முன்னாடி ஒரு லேப்ல இருந்தேன், பேர் வேணாம், சூப்பர்வைசரை ஆறு மாசத்துல ரெண்டு தடவைதான் பாக்க முடிஞ்சுது, தப்பு பண்றேன்னு சொல்லக்கூட ஆள் இல்லாம மாசங்கள் வீணாச்சு, அழுதுகிட்டே பஸ் ஏறின நாள் எல்லாம் உண்டு. அதனால மெயில் போடுறதுக்கு முன்னாடி அந்த லேப்ல வந்த கடைசி மூணு பேப்பரை வாசிங்க, முதல் பேரா யார் இருக்காங்கன்னு பாருங்க, ஸ்டூடென்ட் பேர் முதல்ல வருதா, அந்த ஸ்டூடென்ட் எத்தனை வருஷத்துல முடிச்சாங்க. மெயில்ல "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம்"ங்கிற மாதிரி எல்லாருக்கும் ஒரே காப்பி அனுப்பாதீங்க, அது முதல் வரியிலயே தெரிஞ்சிடும். அவங்க பேப்பர்ல ஒரு படத்தைக் காட்டி அதுல உங்களுக்குத் தோணின ஒரு உண்மையான கேள்வியைக் கேளுங்க, உங்களால என்ன செய்ய முடியும்னு ரெண்டு வரி, சிவி, அவ்வளவுதான். பதில் வரலைன்னா ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை ஞாபகப்படுத்தலாம், அதுக்கு மேல வேணாம். பதில் வந்து பேசும்போது மூணு விஷயம் கண்டிப்பா கேளுங்க: பர்சரி, அதாவது உதவித்தொகை, எத்தனை வருஷத்துக்கு உறுதி, அதை எழுத்துல தருவாங்களா, இப்ப இருக்கிற ஸ்டூடென்ட்ஸ்கிட்ட தனியா பேசலாமா. கடைசி கேள்விக்குத் தயங்கினா யோசிங்க. என்ஆர்எஃப்ங்கிற அரசாங்க ஆராய்ச்சி நிதியோட பணம் பெரும்பாலும் இந்த நாட்டு ஆளுங்களுக்கும் நிரந்தரமா தங்க அனுமதி உள்ளவங்களுக்கும்தான் போகும், அதனால வெளிநாட்டுலேந்து வர்றவங்க சூப்பர்வைசரோட கிராண்ட்டை நம்பித்தான் வரணும்.

இப்ப லேப்புக்குள்ள வந்தாச்சு. முதல் மாசம் பெரிய கேள்வி எதையும் தொடாதீங்க. பைப்பெட் பிடிக்கிறது, ஃபிளேம் பக்கத்துல வேலை செய்றது, சீரியல் டைல்யூஷன் போட்டு, அதாவது கிருமியைப் படிப்படியா நீர்க்க வச்சு, பிளேட்ல காலனி (ஒரு கிருமி பெருகி வர்ற புள்ளி) எண்ணுறது, செல் வளக்குறது, இது நாலுதான். ஒரே கல்ச்சரை (வளத்து வச்ச கிருமிக் கரைசல்) மூணு தடவை டைல்யூட் பண்ணி மூணு தடவையும் ஏறக்குறைய ஒரே எண் வருதான்னு பாருங்க, வராத வரைக்கும் இன்ஃபெக்ஷன், அதாவது செல்லு மேல கிருமியை ஊத்துற சோதனை, பண்ணாதீங்க. என்னோட முதல் இன்ஃபெக்ஷன் தொடர்ந்து ஏழு தடவை பூஜ்யம் வந்துச்சு, கிருமி செல்லுக்குள்ள போகவே இல்லைன்னு நினைச்சு ராத்திரி எல்லாம் பேப்பர் தேடினேன். கடைசில பாத்தா செல் வளக்குற சத்துத் திரவமான மீடியால வழக்கமா போடுற பெனிசிலின் ஸ்ட்ரெப்டோமைசினை எடுக்காம விட்டிருக்கேன், நான் ஊத்துன கிருமி எல்லாம் அதுலயே செத்துப் போயிருக்கு. இன்ஃபெக்ஷனுக்கு முந்தின நாளே ஆன்டிபயாட்டிக் இல்லாத மீடியாக்கு மாத்திடுங்க. இன்னொன்னு, மைக்கோபிளாஸ்மா டெஸ்ட். அது செல் சுவர் இல்லாத பாக்டீரியா, பெனிசிலின் அதை ஒண்ணும் பண்ணாது, மைக்ரோஸ்கோப்ல சாதாரணமா கண்ணுக்கும் தெரியாது, உங்க செல்லுல மாசக்கணக்குல இருந்து எல்லா ரிசல்ட்டையும் கெடுத்துடும். மாசம் ஒரு தடவை செக் பண்ணுங்க.

அடுத்ததுதான் இந்த ஃபீல்டோட அ ஆ. ஜென்டாமைசின் புரொடெக்ஷன் அசேன்னு பேரு, அசேன்னா அளந்து பாக்குற சோதனை. ஜென்டாமைசின் மருந்து நம்ம செல்லோட சவ்வைத் தாண்டி சீக்கிரம் உள்ள போகாது. அதனால செல்லையும் கிருமியையும் சேத்து வச்சிட்டு அப்புறம் ஜென்டாமைசின் ஊத்தினா வெளிய இருக்கிறதெல்லாம் சாகும், உள்ள போனது மட்டும் தப்பிக்கும். சால்மொனெல்லாவை வச்சு சொல்றேன், கத்துக்க அதுதான் சுலபம். 24 குழி பிளேட்ல குழிக்கு ரெண்டு லட்சம் ஹீலா செல், லேப்ல வழக்கமா வளக்குற மனுஷ செல் அது. கிருமியை ராத்திரி வளத்து அப்படியே எடுக்காதீங்க, காலைல புது மீடியால திரும்பப் போட்டு மூணு மணி நேரம் வளக்கணும், அப்பதான் அந்த ஊசி அமைப்பெல்லாம் தயாரா இருக்கும், பழைய கல்ச்சர் சோம்பேறித்தனமா வெளியவே கிடக்கும். ஒரு செல்லுக்குப் பத்து கிருமி, அதாவது குழிக்கு 20 லட்சம். 37 டிகிரில அரை மணி நேரம். நல்லா கழுவி, மில்லிக்கு 100 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் ஒரு மணி நேரம். அப்புறமும் நேரம் போகணும்னா அளவை 10க்குக் குறைச்சிடுங்க, அதிக அளவு நீண்ட நேரம் இருந்தா மெதுவா உள்ளயும் கசியும். கடைசில கழுவிட்டு 0.1 சதவீத ட்ரைட்டன், ஒரு வகை சோப்பு, ஒரு மில்லி ஊத்தி செல்லை உடைச்சு, டைல்யூட் பண்ணி பிளேட்ல தேய்ச்சு, மறுநாள் எண்ணணும். நூறு மடங்கு டைல்யூட் பண்ணதுல 50 மைக்ரோலிட்டர் தேய்ச்சு 60 காலனி வந்தா, 60ஐ 100ஆல பெருக்கி, 50 மைக்ரோலிட்டர் ஒரு மில்லில இருபதுல ஒரு பங்குங்கிறதால திரும்ப 20ஆல பெருக்குங்க, 1,20,000. ஊத்துனது 20 லட்சம், ஆக நூத்துக்கு ஆறு உள்ள போயிருக்கு.

இது சுலபம் மாதிரி தெரியும், ஏமாறுறது இங்கதான். ஜென்டாமைசின் ஊத்தினப்புறம் மேல இருக்கிற தண்ணியையும் ஒரு பிளேட்ல தேய்ங்க, அதுல எதுவும் வளரக்கூடாது, வளந்தா வெளிய இருக்கிறது சாகலைன்னு அர்த்தம். ஒரு ஜீனை எடுத்துட்ட மியூட்டன்ட்டை வச்சுப் பாக்குறீங்கன்னா, அந்த ஜீனுக்குப் பதிலா வச்ச ரெசிஸ்டன்ஸ் கேசட் (ஒரு மருந்தைத் தாங்க வைக்கிற ஜீன் துண்டு) ஜென்டாமைசினுக்கே உரியதா இருந்துச்சுன்னா மொத்த அசேவும் அர்த்தமில்லாமப் போயிடும், இப்படி ஒரு வருஷ வேலையைத் தூக்கிப் போட்ட ஆளை எனக்குத் தெரியும். மியூட்டன்ட் சாதாரண மீடியாலயே மெதுவா வளருதான்னு தனியா பாருங்க. மேக்ரோஃபேஜ் செல்லா இருந்தா இன்னொரு சிக்கல், உள்ள போன கிருமி செல்லைக் கொன்னுடுச்சுன்னா செல் கிழிஞ்சு ஜென்டாமைசின் உள்ள போய் கிருமியையும் கொல்லும், நீங்க எண்ணிப் பாத்துட்டு "இது உள்ள போறதே இல்லை"ன்னு எழுதுவீங்க, நடந்ததோ நேர்மாறு. அதனால செல் எவ்வளவு செத்துச்சுன்னு கூடவே அளந்தே ஆகணும். எண்ணுனதை மட்டும் நம்பாம மைக்ரோஸ்கோப்லயும் பாருங்க: செல்லுல ஓட்டை போடுறதுக்கு முன்னாடி ஒரு கலர் ஆன்டிபாடி, அது வெளிய இருக்கிறதை மட்டும் பிடிக்கும், ஓட்டை போட்டப்புறம் இன்னொரு கலர், அது எல்லாத்தையும் பிடிக்கும். ரெண்டு கலரும் இருந்தா வெளிய, ஒண்ணு மட்டும் இருந்தா உள்ள. எண்ணிக்கையும் படமும் ஒத்துப்போற அன்னிக்குத்தான் எனக்குத் தூக்கம் வரும்.

இந்த இடத்துல பாக்டீரியா விஞ்ஞானி ஸ்டான்லி ஃபால்கோவைப் பத்தி சொல்லாம இருக்க முடியாது. நியூயார்க் மாநிலத்துல 1934ல பிறந்து, ஆரம்பத்துல ஹாஸ்பிட்டல் லேப்ல வேலை பாத்து, பின்னாடி ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தவர், 2018ல காலமாயிட்டார். 1985ல அவரும் ரால்ஃப் இஸ்பெர்க்கும் யெர்சினியா கிருமியிலேந்து ஒரே ஒரு ஜீனை எடுத்து, செல்லுக்குள்ள போகவே தெரியாத லேப் ஈகோலைல வச்சாங்க, அது செல்லுக்குள்ள போக ஆரம்பிச்சிடுச்சு. ஒரு ஜீன்! 1988ல அவர் ஒரு வழிமுறை எழுதினார், எந்தக் கிருமி எந்த நோயைக் குடுக்குதுன்னு நிரூபிக்க ராபர்ட் காக் எழுதின விதிகளை ஜீனுக்கு ஏத்த மாதிரி மாத்தினது: அந்த ஜீன் நோய் குடுக்குற கிருமிகள்ல இருக்கணும், அதை எடுத்தா நோய் குடுக்குற சக்தி குறையணும், திரும்ப வச்சா சக்தி திரும்ப வரணும். மூணாவதை புதுசா வர்றவங்க அவசரத்துல விட்டுடுறாங்க. திரும்ப வச்சுப் பாக்காத மியூட்டன்ட்டை யாருக்கும் காட்டாதீங்க, எங்கயாவது வேற இடத்துல நடந்த மாற்றம்கூட அந்த ரிசல்ட்டைக் குடுத்திருக்கலாம்.

டிபிக்கு வர்றவங்களுக்குத் தனியா கொஞ்சம். ஈகோலை 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெட்டிப்பாகும், டிபி கிருமிக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும், பிளேட்ல காலனி தெரிய மூணு நாலு வாரம். இன்னிக்குப் பண்ண தப்பு அடுத்த மாசம்தான் தெரியும். அதனால முதல் ஆறு மாசம் டிபி கிருமியோட ஆபத்து கம்மியான சொந்தக்காரங்களான ஸ்மெக்மாடிஸ்லயோ பிசிஜிலயோ கை பழக்குங்க, அவமானமா நினைக்காதீங்க. டிபி கிருமி மெழுகு மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாகும், 20 கிருமி சேந்து ஒரு காலனியாதான் தெரியும், கணக்கு தப்பாகும், அதனால ட்வீன்ங்கிற சோப்பு மாதிரி திரவம் போட்டு, சின்னச் சின்ன கண்ணாடி மணிகளோட சேத்துக் குலுக்கி, கட்டியைக் கீழ படியவிட்டு மேல இருக்கிறதை எடுக்கணும். ஆனா அந்தக் கட்டியே ஒரு ரகசியம். 2017ல டர்பன்ல இதே கேம்பஸ்லேந்து வந்த வேலையில, கட்டியா இருக்கிற டிபி கிருமியைச் சாப்பிட்ட மேக்ரோஃபேஜ் செத்துப்போகுது, செத்த செல்லுக்குள்ள கிருமி இன்னும் வேகமா வளருது, அதைச் சாப்பிட வர்ற அடுத்த மேக்ரோஃபேஜும் சாகுதுன்னு வீடியோ எடுத்துக் காட்டினாங்க. தொந்தரவுன்னு நாங்க குலுக்கி எறிஞ்சதுக்குள்ளதான் நோயோட கதை இருந்திருக்கு. அந்தப் பேப்பர் வாசிச்ச அன்னிக்கு எனக்குக் கை நடுங்கிச்சு.

பிஎஸ்எல் 3க்குள்ள போறதுக்கு வாரக்கணக்குல ட்ரெயினிங் உண்டு. முகத்துல மாஸ்க் சரியா ஒட்டுதான்னு ஃபிட் டெஸ்ட் பண்ணுவாங்க, தாடி இருந்தா ஒட்டாது, எடுக்கணும். உள்ள போனா மூணு நாலு மணி நேரம் தண்ணி, பாத்ரூம் எதுவும் கிடையாது, அதனால போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஸ்டெப்பையும் பேப்பர்ல எழுதி, டியூப்ல பேர் எழுதி, எல்லாம் எடுத்து வச்சிட்டுப் போங்க. சுகர் இருந்தாலோ, வேற ஏதாவது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து சாப்பிட்டாலோ, கர்ப்பமா இருந்தாலோ வேலை பாக்குற இடத்து ஹெல்த் நர்ஸ்கிட்ட மறைக்காம சொல்லுங்க. இருமல் ரெண்டு வாரம் தாண்டினா அன்னிக்கே டெஸ்ட். களைப்பா இருக்கிற அன்னிக்கு உள்ள போகாதீங்க, ஒரு நாள் போனா போகுது.

பிஎச்டி முடிஞ்சப்புறம் என்னன்னு கேக்குறவங்களுக்கு. போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்கு அடுத்த ஆராய்ச்சி வேலை, போறது ஒரு வழி, கேப்டவுனோ வெளிநாடோ, அப்ப கிருமியை மாத்தினாலும் பரவால்ல, கேள்வியை மாத்தாதீங்கன்னு சொல்வேன். என்ஐசிடி மாதிரி இடத்துல நோய்ப்பரவல் கண்காணிப்பு வேலை இருக்கு, லிஸ்டீரியா நேரத்துல அந்த மாதிரி ஆளுங்கதான் உயிரைக் காப்பாத்தினாங்க. ஹாஸ்பிட்டல் லேப்ல மெடிக்கல் சயன்டிஸ்ட்டா போகணும்னா எச்பிசிஎஸ்ஏங்கிற இந்த நாட்டு மருத்துவத் தொழில் கவுன்சிலோட ரெஜிஸ்ட்ரேஷன் வேணும், அதுக்கு இன்டர்ன்ஷிப் தனி, அதை பிஎச்டி ஆரம்பிக்கும்போதே விசாரிச்சு வையுங்க. R, இல்லன்னா பைத்தான், ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமிங் மொழி கொஞ்சமாவது கத்துக்கோங்க, இப்ப சீக்வென்சிங் டேட்டா பாக்கத் தெரியாம வேலை கிடைக்கிறது கஷ்டம்.

கடைசியா லோட்ஷெடிங். இப்ப முன்ன மாதிரி இல்லைனாலும் கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது. மைனஸ் 80 ஃபிரீசர் ஜெனரேட்டர்ல இருக்கா, அலாரம் யாரோட போனுக்குப் போகுதுன்னு முதல் வாரமே கேட்டு வைங்க. நீங்க செஞ்ச ஒவ்வொரு மியூட்டன்ட்டையும் ரெண்டு தனித்தனி ஃபிரீசர்ல வையுங்க, செல்லை லிக்விட் நைட்ரஜன்ல வையுங்க, எந்த டப்பா எந்த வரிசைன்னு நோட்டுலயும் கம்ப்யூட்டர்லயும் எழுதுங்க. டிசம்பர் நடுவுலேந்து ஜனவரி முதல் வாரம் வரைக்கும் ஊரே லீவ்ல போயிடும், அந்த நேரத்துல டிபி பிளேட் முளைக்கிற மாதிரி நவம்பர் கடைசில எதையும் ஆரம்பிக்காதீங்க, இல்லன்னா கிறிஸ்துமஸ் அன்னிக்கு நீங்க மட்டும் தனியா கேம்பஸ் போய் காலனி எண்ணிக்கிட்டு இருக்கணும்.